அப்பாவின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: இராணுவ மருத்துவமனையா, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையா?

கேள்வி: குடியாத்தம் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து 1997இல் ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்கால்களிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதால், முதலில் வலது காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை வைத்திருக்கிறார். அந்தத் திட்டத்தின் புறநோயாளி மையமான பாலிகிளினிக்கின் மருத்துவர் எங்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்: திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொள்ளலாம், அல்லது பெங்களூரில் உள்ள விமானப்படை கமாண்ட் மருத்துவமனைக்குப் போகலாம்.

அப்பா இரண்டாவதைத்தான் விரும்புகிறார். "நம்ம ஆஸ்பத்திரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. அங்கே உடன் தங்க அனுமதிப்பார்களா, ஓய்வு பெற்றவர்களைப் பணியில் இருப்பவர்களுக்கு இணையாகக் கவனிப்பார்களா, ஹவில்தார் என்றால் ஒரு மாதிரியும் அதிகாரி என்றால் வேறு மாதிரியும் நடத்துவார்களா என்றெல்லாம் மனத்தில் ஓடுகிறது. எந்த இராணுவ மருத்துவமனையாக இருந்தாலும், நோயாளியாகவோ உறவினராகவோ உள்ளே இருந்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுபேதார், கோவை

சகோதரி, நான் பணியில் இருந்தபோது ஒரு முறையும், ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறையும் இராணுவ மருத்துவமனையில் படுத்திருக்கிறேன். மருத்துவத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மருத்துவத்தைச் சுற்றியுள்ள எல்லாமே வேறாக இருந்தன.

முதல் முறை பித்தப்பைக் கல்லுக்காகச் சேர்ந்தேன். யூனிட்டிலிருந்து ஒரு ஜவானைத் துணைக்கு அனுப்பினார்கள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, எக்ஸ்ரே அறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது, ஊருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வது எல்லாம் அவன் வேலை. மூன்றாம் நாள் கம்பெனி கமாண்டர் பழங்களோடு வந்து கட்டிலருகே நின்றார். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் போனபோது அதே மாதிரி வார்டு, அதே மாதிரி கட்டில், தலைமாட்டுப் பலகையில் எண், ரேங்க், பெயர் என்று அதே வரிசை. ஆனால் மருந்தக வரிசையில் நின்றவள் 61 வயதான என் மனைவி. யூனிட் என்ற ஒன்று நமக்குப் பின்னால் இல்லை என்பது அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. ஆகவே, ஓடியாட ஓர் ஆண்மகனோ இளவயதுக்காரர் ஒருவரோ கட்டாயம் கூட வர வேண்டும். அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள்.

நீங்கள் கேட்டவற்றில் ரேங்க் பற்றிச் சொல்கிறேன். அதிகாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் வார்டுகள் வேறு. இது மறைத்துப் பேசும் விஷயமன்று. தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் இதிலிருந்து தப்ப முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஈ.சி.எச்.எஸ். விதிப்படி ஹவில்தார் வரையிலானவர்களுக்குப் பொது வார்டு, நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை பாதித் தனியறை, அதிகாரிகளுக்குத் தனியறை. அறுவை சிகிச்சை மேசையில் ரேங்க் பார்ப்பதாக நான் ஒருபோதும் உணர்ந்ததில்லை. காத்திருப்பு வரிசையில் உணர்ந்திருக்கிறேன்.

முன்னுரிமை பணியில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான். அது நியாயமும்கூட, அந்த மருத்துவமனைகள் கட்டப்பட்டதே அதற்காகத்தான். படுக்கை இருந்தால்தான் நமக்கு இடம். தேதி கொடுத்தாலும் அது மாறக்கூடும் என்ற எண்ணத்தோடு புறப்படுங்கள்.

பதில் 2: பழைய சிஸ்டர்

நான் இராணுவ நர்சிங் சேவையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள். நாகர்கோவில் என் ஊர். சுபேதார் ஐயா எழுதியது சரி. நான் நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்த ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் அப்பாவின் விஷயத்தில் தங்குமிடத்தைவிடவும் மொழியைவிடவும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே வார்டு தயாராகிவிடும். போர்வை மடிப்பு நேராக இருக்கும், அலமாரியின் மேல் தண்ணீர்க் குவளையைத் தவிர ஒன்றும் இருக்காது, நடமாடக் கூடியவர்கள் கட்டிலருகே நின்றுகொண்டிருப்பார்கள். எழ முடியாதவர்கள் சிலர், மேஜரோ கர்னலோ ஆன மருத்துவர் வாசலுக்குள் நுழைந்தவுடன், படுத்தபடியே போர்வைக்குள் குதிகால்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளாக இருந்தாலும் சரி. மருத்துவர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பார், "டீக் ஹை, சார்" (நன்றாக இருக்கிறது, சார்) என்று பதில் வரும். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் இரண்டு என்பார்கள். அதே மனிதர் இரவு பதினோரு மணிக்குத் தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடப்பார்.

அதிகாரியின் முன்னால் வலி என்று சொல்வது, அணிவகுப்பில் காலை மாற்றி வைப்பதைப் போல அவர்களுக்குக் கூச்சமான செயல். நர்சிடமாவது சொல்லலாமே என்றால், எங்கள் தோளிலும் நட்சத்திரம் இருக்கிறது, நாங்களும் அதிகாரிகள்தாம். கடைசியில் அவர்கள் மனம்விட்டுச் சொல்வது நர்சிங் அசிஸ்டெண்ட்டாக இருக்கும் ஜவானிடம். அந்தப் பையன்தான் என்னிடம் வந்து, "மேடம், பன்னிரண்டாம் கட்டில் தூங்கவே இல்லை" என்பான். புதிதாக வரும் இளம் மருத்துவர்களில் சிலர் இதைச் சீக்கிரமே புரிந்துகொள்வார்கள். ரவுண்ட்ஸ் முடிந்தபின் தனியாக ஒரு நடை வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். சிலருக்குப் புரிவதேயில்லை.

மூட்டு மாற்றத்தில் இது வெறும் மனத்துயரம் சார்ந்த விஷயமன்று. பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள். வலி கட்டுக்குள் இருந்தால்தான் பிசியோதெரபிஸ்ட் முழங்காலை மடக்க முடியும். முதல் சில வாரங்களில் தொண்ணூறு டிகிரி வரையாவது மடங்க வேண்டும். வலியை மறைத்து, பயிற்சியையும் ஒப்புக்குச் செய்தால் மூட்டு இறுகிப் போகும். மருந்து கொடுக்க நாங்கள் தயாராக இருந்தும், கேட்காததால் கொடுக்கப்படாமல் போனவர்கள் உண்டு. கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ வந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் அப்பாவிடம், "வலியை மருத்துவரிடம் அறிவிப்பது உத்தரவு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த மொழி அவருக்குப் புரியும்.

உடன் தங்குவதைப் பொறுத்தவரை, ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்க வழக்கமாக அனுமதி கிடைப்பதில்லை. நோயாளியின் நிலை கவலைக்கிடமானதாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு. பார்வையாளர் நேரத்திலும் கண்டிப்பாக இருப்பார்கள். தங்க இடத்தை முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

பதில் 3: நாயக் மனைவி, தேனி மாவட்டம்

மொழியைப் பற்றி நான் எழுதுகிறேன், அக்கா. எட்டு ஆண்டுகளுக்கு முன் என் முதல் பிரசவம் வட இந்தியாவில் ஒரு கன்டோன்மென்ட் மருத்துவமனையில் நடந்தது. கணவர் அப்போது எல்லைப் பணியில் இருந்தார். சேரும்போது என் பெயரை யாரும் முதலில் கேட்கவில்லை. கணவரின் இராணுவ எண்ணைக் கேட்டார்கள். அதை அவர் ஏற்கெனவே என்னை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். எல்லாத் தாள்களிலும் நான் இன்ன எண், இன்ன நாயக்கின் மனைவி. இது முதலில் என்னவோ போல இருந்தது. ஆனால் அந்த எண்ணைச் சொன்ன பிறகு பணம் என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரசவ அறையில் எல்லோரும் "ஸோர் லகாவ், ஸோர் லகாவ்" என்று கத்தினார்கள். நான் ஏதோ தவறு செய்துவிட்டேன், அதனால் திட்டுகிறார்கள் என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். அவர்கள் இன்னும் உரக்கக் கத்தினார்கள். பணிநேரம் மாறி உள்ளே வந்த மலையாள சிஸ்டர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு "முக்கு மோளே, முக்கு" என்றார். அதன்பின் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. முன்பே இருந்த சிஸ்டர்கள் கெட்டவர்கள் இல்லை. மறுநாள் அவர்களில் ஒருவர்தான் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கற்றுக் கொடுத்தார், சைகையாலேயே.

உங்கள் அப்பாவுக்கு இந்தி வரும் என்பதால் அவருக்குச் சிரமம் இல்லை. சிரமம் உங்களுக்குத்தான். பெங்களூரில் தமிழ் தெரிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், கவலை வேண்டாம். இருந்தாலும் வலி, தலைசுற்றல், சிறுநீர், காய்ச்சல் போன்ற பத்துச் சொற்களை இந்தியில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்து வையுங்கள்.

பதில் 4: மருமகன், திருச்சி

எல்லோரும் நல்லதையே சொல்வதால், எங்களுக்கு நேர்ந்த சங்கடத்தையும் பதிவு செய்கிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. அது நீங்கள் குறிப்பிட்டது அன்று என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனாருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. மூன்று முறை தேதி தள்ளிப் போனது. முதல் முறை, விபத்தில் அடிபட்ட, பணியில் இருக்கும் படைவீரர் ஒருவருக்காக அரங்கு ஒதுக்கப்பட்டது. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் முறை காரணம் சொல்லவில்லை. மூன்றாம் முறை, எங்களைப் பார்த்து வந்த அறுவை மருத்துவருக்கு இடமாற்ற உத்தரவு வந்து அவர் போய்விட்டிருந்தார். புதியவர் எல்லாப் பரிசோதனைகளையும் மீண்டும் எடுக்கச் சொன்னார். அவர் பக்கத்தில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் 74 வயதுக்காரர் வெறும் வயிற்றோடு மூன்றாம் முறையாக இரத்தம் கொடுத்துவிட்டு, மர பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் நாளை வாருங்கள் என்றார்கள். மாமனாரோ ஒரு வார்த்தை முறையிட மறுத்துவிட்டார்; "உத்தரவு வந்தால் போகத்தானே வேண்டும்" என்று அந்த மருத்துவருக்காக எங்களிடம் வாதாடினார்.

நான்காம் தேதியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் கவனிப்பில் நகத்தளவு குறை சொல்ல முடியாது. புண்ணில் சீழ் வைக்கவில்லை, கட்டு மாற்ற ஒரு நாள்கூடத் தவறவில்லை. அறுவை சிகிச்சையைவிட, ஒன்றும் சொல்லாமல் காக்க வைத்ததே எங்களை வாட்டியது.

தனியார் பக்கமும் எல்லாம் இனிக்காது. என் அண்ணனின் மாமனார் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனையில்தான் முழங்கால் மாற்றிக்கொண்டார். ரொக்கமில்லாச் சிகிச்சை என்று சேர்த்துக்கொண்டு, இன்னும் நல்ல மூட்டு போடலாம், வித்தியாசத் தொகையை மட்டும் கட்டுங்கள் என்று அறுவை அரங்குக்குள் கொண்டு போகும் முன் கையெழுத்துக் கேட்டார்கள். செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டிலேயே விலை உச்சவரம்பு விதித்துவிட்டது. அப்படிக் கேட்டால் கையெழுத்துப் போடாமல், முதலில் பாலிகிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற சுபேதார், கோவை

மருமகன் தம்பி எழுதியதை மறுக்க மாட்டேன். இடமாற்றம் இந்த அமைப்பின் இரத்தத்திலேயே இருக்கிறது. ஆகவே சகோதரி, முதல் ஓ.பி. நாளிலேயே, "சார், அறுவை சிகிச்சை நடக்கும் வரை நீங்கள் இங்கே இருப்பீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம். அப்பா கேட்க மாட்டார், நீங்கள் கேளுங்கள். எக்ஸ்ரே, இரத்த அறிக்கைகள், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு நகல்கள் வையுங்கள்.

வீடு திரும்பிய பின் காய்ச்சலோ கால் வீக்கமோ வந்து அவசரமாக அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்து, அது பட்டியலில் இல்லாததாக இருந்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுங்கள். இதைத் தவறவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் அலைந்தவர்களை நான் அறிவேன்.

குடியாத்தம் மகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தேதி தள்ளிப் போவது, மருத்துவர் மாறுவது எதுவும் அவரை அசைக்கவில்லை; பெங்களூருக்கே போவதென்று முடிவாகிவிட்டது. வேலூரில் இருக்கும் தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வருகிறான். சிவாஜி நகரில் சித்தப்பா வீடு இருக்கிறது, அம்மா அங்கே தங்கிக்கொள்வார்.

சிஸ்டர் அம்மா எழுதிய பகுதியைப் படித்தபோது மட்டும் அப்பா செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். வலியைச் சொல்வீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. இது உத்தரவு என்றேன். "யாரோட உத்தரவு?" என்றார், செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தே. பழைய சிஸ்டர் ஒருவருடையது என்றேன். "என்ன ரேங்க்?" என்று கேட்கிறார். அம்மா, தயவுசெய்து சொல்லுங்கள்.

பழைய சிஸ்டர்

லெப்டினன்ட் கர்னல். இன்று இரவே சொல்லிவிடுங்கள்.