மறுமொழி: ‘லூர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

கொக்குவிலிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கனடாவில் புதிதாகக் குடியேறிய நம்மவருக்காக, ஒன்ராறியோ ஏரிகளில் பாஸ் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பற்றிய கைந்நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது பக்க அமைப்புக்குப் போக வேண்டும். மீனின் பெயரில் சிக்கல் இல்லை. மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீள்வதைப் பெருவாய்ப் பாஸ் என்றும், அவ்வளவு நீளாததைச் சிறுவாய்ப் பாஸ் என்றும் எழுதிவிட்டேன். சிக்கல் லூரில்தான். மண்புழுவையும் சிறுமீனையும் இரை என்கிறோம். மரத்தாலோ உலோகத்தாலோ றப்பராலோ செய்து, நூலில் கட்டி எறிந்து இழுக்கும் பொருளை என்னவென்பது? இரண்டையும் இரை என்றே எழுதினால், அல்கொன்குயின் பூங்காவில் உயிருள்ள சிறுமீனை இரையாக்கக் கூடாது என்ற விதியை வாசிப்பவர் குழம்பிப்போவார். இப்போதைக்குப் ‘பொய்யிரை’ என்று இட்டிருக்கிறேன்.

நல்லூரிலிருந்து:

பிள்ளை, புணர்ச்சியில் குறையில்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டித்திருக்கிறது. ஆயினும் கையில் இருக்கும் பழஞ்சொல்லை விட்டுப் புதிது புனைவானேன்? திருக்குறளின் சூது அதிகாரம் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது. அங்கே பொன் என்பது இரும்பு. ஐம்பொன், கரும்பொன் என்னும் வழக்குகளில் பொன் உலோகத்தின் பொதுப்பெயராக நிற்பதை எல்லாரும் அறிவீர்கள். அமெரிக்காவில் ஜூலியோ புயெல் என்பவர் 1852இல் காப்புரிமை பெற்ற கரண்டி வடிவத் தூண்டிலில் மீன் கௌவுவது வெறும் உலோகத் தகட்டையே. அதற்குத் தூண்டிற்பொன் என்பதைவிடப் பொருத்தமான சொல்லை இனி ஒருவர் ஆக்கித் தர முடியாது.

குருநகரிலிருந்து:

ஐயா, பொன் என்ற சொல்லைப் பார்த்தவுடன் எங்கள் ஆட்கள் நகைக்கடையை நினைப்பார்களே தவிர ஏரியை நினைக்கமாட்டார்கள். கரண்டிக்குப் பொருந்துவது றப்பர் தவளைக்கும் றப்பர் புழுவுக்கும் எப்படிப் பொருந்தும்? இன்னொன்று, பரிமேலழகர் அந்தக் குறளுக்கு இரையால் மறைந்த தூண்டில் இரும்பு என்றே பொருள் கொள்கிறார். அப்படியானால் தூண்டிற்பொன் என்பது தூண்டில் முள்ளைத்தான் குறிக்கும்.

தூண்டில் நூலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரைவில் ‘ஒற்றையிழை நைலோன் நூல்’ என்று கண்டேன். அதற்குத் தங்கூசி என்ற பெயர் கரையோரம் முழுவதும் இருக்கிறது. தங்கூசி வலை இங்கே தடைசெய்யப்பட்டது என்பதற்காக அந்தச் சொல்லைத் தவிர்த்திருந்தால், தடை வலைக்கே உரியது. நூலும் சொல்லும் ஒரு குற்றமும் செய்யவில்லை.

கொக்குவிலிலிருந்து:

தங்கூசி நன்றியுடன் ஏற்கப்பட்டது. பின்னிய நூலைப் பின்னல் நூல் என்கிறேன். புளூரோகாபன் என்னும் செயற்கை இழை நூலின் பெயர் அப்படியே நிற்கட்டும். அது நீருக்குள் எளிதில் கண்ணுக்குப் படாது என்பதையும், அமிழும் இயல்புடையதாதலால் நீர்மேல் மிதக்கும் றப்பர் தவளைக்கு ஒவ்வாது என்பதையும் கைந்நூலே விளக்குகிறது.

யாழ். திருநெல்வேலியிலிருந்து:

இரை என்ற சொல்லே இங்குத் தகுமா என்பது என் ஐயம். பின்லாந்தில் லாரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கிச் செய்த மீன், காயம்பட்ட சிறுமீன் தள்ளாடி நீந்துவதைப் பார்த்து உருவானது. அதைப் போலியிரை என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் வளைந்த கம்பியின் ஒரு கையில் சுழலும் தகடும், மறு கையில் ஈயத் தலையும் றப்பர் இழைக் குஞ்சமும் கொண்ட ஸ்பின்னர்பெய்ட் எந்த உயிரின் உருவத்திலும் இல்லை. அன்றியும், கூட்டைக் காத்து நிற்கும் ஆண் பாஸ் பசியெடுத்துக் கௌவுவதில்லை. எல்லைக்குள் புகுந்ததை விரட்டவே கௌவுகிறது. உண்ணும் நோக்கம் இல்லாத இடத்தில் இரை எங்கிருந்து வந்தது?

காட்டி ஈர்க்கும் பொருளுக்குச் சங்கத் தமிழில் பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் விளாமரத்தில் கட்டப்பட்டு நிற்பது ‘பார்வை’ மான். நற்றிணையில் ‘பார்வை வேட்டுவன்’ வருகிறான். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், விலங்குகளைப் பிடிக்க விலங்குகளையே பார்வையாகக் காட்டுவதுபோல இறைவன் மானிட வடிவில் குருவாக வருகிறான் என்று சொல்லும் இடம், சித்தாந்தம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இவ்வளவு நீண்ட வழக்குள்ள சொல்லை நாம் மறந்துவிட்டு மீன்பிடி கடைக்காரரிடம் சொல் கடன் கேட்கிறோம். ‘பார்வை’ அல்லது ‘பார்வையுரு’ என்பது என் முன்மொழிவு.

ரொறன்ரோவிலிருந்து:

வணக்கம். தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதியில், அந்த ஆண் மீன் கூடு காக்கும் வாரங்களில் பாஸ் பிடிக்க அனுமதியே இல்லை; ஜூன் மாதத்தின் பிற்பாதியில்தான் பருவம் திறக்கும். ஆகவே ஐயா காட்டிய எடுத்துக்காட்டை வாசகர் சந்திக்கப்போவதில்லை. மறுபுறம், ‘பச்சைப் பார்வையை எறிந்து மெல்ல இழுக்கவும்’ என்று வாசிக்கும் மனிதர் தன் கண்ணைத்தான் சோதித்துக்கொள்வார். இங்கே சிம்கோ ஏரிக்கரையில் நிற்கும் நம் பிள்ளைகள் எல்லாரும் லூர், றொட் (தடி), றீல் (நூல் சுற்றும் உருளை) என்றே பேசுகிறார்கள். லூர் என்றே எழுதினால் என்ன?

நல்லூரிலிருந்து:

பிள்ளைகளுக்கு லூர் தெரியுமென்றால் அவர்களுக்குத் தமிழ்க் கைந்நூலே வேண்டாம். நூல் அவர்களின் தாய் தகப்பனுக்கு அல்லவா?

கொக்குவிலிலிருந்து:

திருநெல்வேலி ஐயாவுக்கு ஒரு விளக்கம். மானுக்கு மானைக் காட்டுவது பார்வை. இனத்துக்கு இனம் என்பதே அதன் உயிர். பாஸ் மீனுக்கு நாம் இன்னொரு பாஸைக் காட்டுவதில்லை, அது தின்னக்கூடிய ஒன்றைப் போலிருப்பதையே பெரும்பாலும் காட்டுகிறோம். ‘போலியிரை’ என்பதை நான் ஒதுக்கியதற்கும் காரணம் உண்டு: இலக்கணத்தில் போலி என்பது பொருள் மாறாமல் எழுத்து மாறி நிற்பது. இங்கே எழுத்தைக் காட்டிலும் பொருள் மாறிவிடுகிறது என்பதை மீனிடம் கேட்டால் சொல்லும். ‘கவர்ச்சியிரை’ என்று தனிமடலில் எழுதிய நண்பர் அதைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

விவாதம் இப்படியே போனால் தூண்டில் தடியைப் பற்றிய அதிகாரம் அந்தரத்தில் நின்றுவிடும். எத்தனை பாரத்துக்குத் தடி வளையும் என்பதை ‘வலு’ என்று எழுதியிருக்கிறேன். எந்த இடத்தில் வளையும் என்பதை மூலநூல் விரைவு, மந்தம் என்ற சொற்களால் சொல்கிறது. அப்படியே எழுதினால் தடி ஓடுவதாக ஆகிவிடும். குழு இணங்கினால் நுனிவளைவு, இடைவளைவு, அடிவளைவு என்று வைக்கிறேன். ஒற்றை முள்ளில் கோத்த றப்பர் புழுவுக்கு, தடித்த வாயில் முள் ஏறும்படி சுண்டி இழுக்க வேண்டியிருப்பதால், வலு மிகுந்த நுனிவளைவுத் தடி வேண்டும். மீன் உருவில், முன்னால் அலகு போன்ற தகடு நீட்டி, மும்முள் தொங்கும் கிராங்க்பெய்டுக்கு இடைவளைவுத் தடியே நன்று; தடி விட்டுக்கொடுத்து வளைவதால் சிறு முட்கள் வாயைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடுவதில்லை. களைக்குள் எறியும் தவளைக்கு வலுமிக்க தடியும் பின்னல் நூலும்.

குருநகரிலிருந்து:

வளைவு மூன்றும் மிக நன்று. தடியைக் கையிலெடுத்து நுனியைக் கூரையில் முட்டிப் பார்ப்பவருக்கு விளக்கமே வேண்டாம்.

யாழ். திருநெல்வேலியிலிருந்து:

வளைவுக்கு இணக்கம். கிராங்க்பெய்ட் தன் அலகின் நீளத்துக்கும் சாய்வுக்கும் ஏற்ப ஆழம் மூழ்குவதால், அதற்கு ‘முக்குளிப்பான்’ எனலாமே.

ரொறன்ரோவிலிருந்து:

முக்குளிப்பான் குளத்துப் பறவை, ஐயா. படத்துக்குக் கீழே அப்பெயரை இட்டால் பறவையைச் சுடச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். அலகுமீன் என்றால் போதும்.

கொக்குவிலிலிருந்து:

வெள்ளி காலையாகிவிட்டது. மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர், சிலர் களைப்பினால் என்று வெளிப்படையாகவே எழுதி, பொய்யிரைக்கு இணங்கியிருக்கிறார்கள். முதலில் வரும் இடத்தில் ‘லூர் எனப்படும் பொய்யிரை’ என்றும், பிறகு பொய்யிரை என்றும் இருக்கும். கிராங்க்பெய்ட் அலகுமீன் ஆகிறது. ஸ்பின்னர்பெய்ட் சுழல்தகட்டுப் பொய்யிரை ஆகிறது. கோப்பை அனுப்பிவிட்டேன்.

யாழ். திருநெல்வேலியிலிருந்து:

சுழல்தகட்டைப் பொய்யாகவேனும் இரை என்று அச்சிடுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழு குறித்துவைக்க வேண்டும். பார்வை என்பதன் வேர் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிவருகிறேன், ஞாயிற்றுக்கிழமை அனுப்புவேன்.

நல்லூரிலிருந்து:

அனுப்புங்கள். கரண்டிக்கு மட்டுமாவது தூண்டிற்பொன்னை விட்டுவைத்திருக்கலாம்.