பால்போசிக்ளிப் (புற்றுநோய் மாத்திரை) டோஸைக் குறைத்தவர்கள் யாராவது?

அம்மாவுக்கு 61 வயது. வயிற்றின் பின்பகுதியில் டீடிஃபரன்ஷியேட்டட் லைப்போசார்கோமா, அதாவது கொழுப்புத் திசுவில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து 14 மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. டாக்சோரூபிசின் கீமோ 4 சைக்கிள் ஏற்றியும் கட்டி வளர்ந்தது. செல் பிரிவதை முடுக்கிவிடும் சிடிகே4 என்சைமின் மரபணு பயாப்சியில் பெருகியிருந்ததால் அந்த என்சைமைத் தடுக்கும் பால்போசிக்ளிப் தொடங்கினார்கள்: 125 மி.கி., 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி.

2 ஸ்கேனிலும் கட்டி அப்படியே நிற்கிறது. சுருங்கவில்லைதான், வளராததே எங்களுக்குப் பெரிசு. தொல்லை ரத்தத்தில். ஒவ்வொரு சுற்றிலும் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளை அணு) 800-க்கு இறங்குகிறது, காய்ச்சல் இல்லை. இரண்டு முறை ஒரு வாரம் தள்ளிப்போட்டோம், ஏறிவிட்டு மறுபடி விழுந்தது. காலண்டரில் அம்மா போட்ட வட்டங்களெல்லாம் அடித்தல் திருத்தல். டாக்டர் 100 மி.கி. ஆக்கலாம் என்கிறார்.

இதே கட்டிக்கு 100-க்கு இறங்கியவர்களே, அதன்பிறகும் ஸ்கேனில் கட்டி அடங்கியே இருந்ததா?