துவைத்த பிறகு திரைச்சீலையில் சாம்பல் நிறக் கோடுகள்: காரணம் தூசியா, தண்ணீரா?

கேள்வி: மேற்குச் சன்னல், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு இராயக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கிரானைட் அறுத்து மெருகேற்றும் பட்டறை ஒன்று இயங்குவதால், மேற்குச் சன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்தாலே, திண்டில் விரலால் கோலம் போடும் அளவுக்கு மாவுபோலத் தூசி படிந்துவிடும். கூடத்தில் இளம்பச்சைப் பருத்தித் திரைகள் நான்கு. படுக்கையறையில் பின்புறம் வெள்ளைப் பூச்சுள்ள, வெளிச்சத்தை மறைக்கும் திரைகள் இரண்டு.

போகிக்கு முந்தின வாரம் கூடத்துத் திரைகளைக் கழற்றி, இரவு முழுவதும் ஊறவைத்து, கட்டிச் சோப்புப் போட்டுத் தேய்த்து, போர் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். காய்ந்ததும் அப்பளம்போல விறைத்துக்கொண்டன. மடிப்பு விழும் இடங்களிலெல்லாம் மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறக் கோடுகள். சோப்புப் போதவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை கூடுதலாகப் போட்டுத் துவைத்ததில், கோடுகள் முன்னைவிட அடர்த்தியாகிவிட்டன. இந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. படுக்கையறைத் திரைகளைப் பயந்துகொண்டு இன்னும் தொடவே இல்லை. முன்னறையில் உள்ள சுருள் திரையின் கீழ் ஓரத்தில் கருப்புப் புள்ளிகளும் தோன்றியுள்ளன. வழி சொல்லுங்கள்.

மறுமொழி: உப்புத் தண்ணீர், பாலக்கோடு

அம்மா, நம் இரண்டு மாவட்டங்களிலும் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு நினைவுக்கு வருவது இயல்புதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்குமே தவிர, துணியில் கோடு போடாது. உங்கள் திரையை விறைக்க வைத்தது தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். குடிநீரில் இக்கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர அளவு சொல்கிறது. கட்டிச் சோப்பு இத்தகைய தண்ணீரில் நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து, பிசுபிசுப்பான ஆடையாகி நூலில் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் இரண்டாம் முறை கூடுதலாகப் போட்ட சோப்பும் இந்த ஆடையாகத்தான் மாறியிருக்கும்.

எனினும் பட்டறைத் தூசியை நான் விலக்கிவிடவில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை செய்து பாருங்கள். கோடு விழுந்த ஓர் ஓரத்தில் நான்கைந்து சொட்டு வெள்ளை வினிகரை விட்டு, கால் மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். அந்த இடம் மெத்தென்று ஆகிக் கறையும் மங்கினால், சுண்ணாம்பும் சோப்பு ஆடையும்தான் காரணம். கோடு அப்படியே இருந்தால் அது கல் தூள். கிரானைட் தூள் வினிகரில் கரையாது.

மறுமொழி: தையற்கடை, காவேரிப்பட்டணம்

சோதனை எப்படி முடிந்தாலும், தூசி படிந்த திரையை உதறாமல் நேரே தண்ணீரில் போட்டது தவறு என்பது என் கருத்து. ஈரம் பட்ட தூசி சேறாகி நெசவுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு எந்தச் சோப்பாலும் முழுதாக எடுக்க முடியாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, திரையை வெளியே கொடியில் போட்டுப் பிரம்பால் தட்டுங்கள். தலைப்பு மடிப்பையும் கீழ் ஓரத் தையலையும் உள்புறம் திருப்பித் தட்டுங்கள், தூசி குடியிருப்பது அங்கேதான். பிறகு ஊறவைத்தால் அரை மணி நேரம் போதும்.

பூச்சுத் திரையைக் கழற்றாமலே மெத்தென்ற தூரிகையால் தூசி தட்டி, ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. துவைத்தே ஆக வேண்டுமென்றால் குளிர்ந்த தண்ணீரில் கையால் அமுக்கி எடுங்கள். பிழியவும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். ஈரமாக இருக்கும்போது பூச்சும் பூச்சும் தொடும்படி மடித்து வைத்தால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வரும். என் கடைக்கு அப்படி வந்த திரைகளைச் சரிசெய்ய வழியே இருந்ததில்லை.

மறுமொழி: ஈரச்சுவர், அரூர்

சுருள் திரையில் இருப்பது பூஞ்சணம். பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் சில சொட்டுக் கலந்து, பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, முழுதாக இறக்கியே காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் புள்ளிகள் திரும்ப வரும். ஓர் எச்சரிக்கை: வினிகரும் பிளீச்சிங் திரவமும் ஒரே வாளியில் சேரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் நான் அறியாமல் அப்படிச் செய்துவிட்டு, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தேன்.

கேட்டவரின் பதில்: மேற்குச் சன்னல்

அனைவருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்ததில் இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருந்தது. வினிகர் விட்ட இடம் மெத்தென்று ஆகிப் பாதிக் கோடு மறைந்தது. மீதியைக் காய்ந்தபின் பழைய பல் தூரிகையால் தேய்த்தபோது வெண்சாம்பல் தூள் உதிர்ந்தது. கீழ் ஓரத் தையலைப் பிரித்தேன். கால் கரண்டித் தூள் கொட்டியது.

பிறகு நான்கையும் தட்டி, சலவை சோடா சிறிது சேர்த்த சலவைத்தூள் கரைசலில் துவைத்தேன். அடுத்து ஒரு வாளித் தண்ணீருக்கு 100 மில்லி வினிகர் கலந்து அலசி, கடைசி ஓர் அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீரைப் பயன்படுத்தினேன். குடிக்கும் தண்ணீரை இதற்குச் செலவிட மனம் வரவில்லை. திரைக்கொரு வாளியோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று திரைகள் தெளிந்துவிட்டன. நான்காவதில் ஒரு கோடு இலேசாகத் தெரிகிறது. அதைச் சுவரோரமாக மாட்டிவிட்டேன். ஆனால் நான்குமே இரண்டு அங்குலம் போலக் குட்டையாகத் தெரிகின்றன. இது சுருக்கமா?

மறுமொழி: தையற்கடை, காவேரிப்பட்டணம்

சுருக்கம்தான். பருத்தி முதல் துவைப்புகளில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்குவது உண்டு. 7 அடித் திரையில் அது இரண்டரை அங்குலத்துக்கு மேல் வரும். கீழ் ஓரத்தைத்தான் பிரித்துவிட்டீர்களே, உள்ளே மடித்திருக்கும் துணியை இறக்கி மறுபடி தைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை துவைத்ததும், தண்ணீர் வடிந்து இலேசான ஈரம் இருக்கும்போதே கம்பியில் மாட்டிவிடுங்கள். திரையின் எடையே அதை இழுத்து நேராக்கிவிடும், இஸ்திரியும் தேவைப்படாது. அதற்கு முன் வளையங்களை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு இறங்கும்.