என் வீட்டு முகவரிக்கு வேறொருவர் பெயரில் வரும் வங்கிக் கடிதங்கள்

கேள்வி:
மதுரையில் எனக்குச் சொந்தமான வீட்டுக்கு, அங்கு ஒருபோதும் குடியிருந்திராத ஒருவரின் பெயரில் வங்கிக் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. முன்பு வாடகைக்கு இருந்தவர்களுக்கும் அவரைத் தெரியவில்லை. அவற்றைப் பிரித்துப் பார்க்கலாமா, அவர் கடன் வாங்கியிருந்தால் அது என் சொத்தைப் பாதிக்குமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
பிரிக்க வேண்டாம் ஐயா. உறையின் மேல் ‘இப்பெயரில் இம்முகவரியில் எவரும் இல்லை, அனுப்பியவருக்கே திருப்புக’ என்று எழுதித் தபால்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துக் கேட்கும் விரைவுத் தபாலை வாங்கவே வேண்டாம்; வாங்கினால், கடிதம் உரியவரைச் சேர்ந்துவிட்டதாக வங்கி வாதிட இடமுண்டு.

பதில் 2:
முகவரியைக் கொடுத்ததனால் மட்டும் ஒருவரின் கடன் வீட்டு உரிமையாளரைச் சேராது. ஆனால் போலிப் பத்திரத்தைக் கொண்டு உங்கள் வீட்டையே அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; பதிவு செய்யப்படாத அடமானம் மட்டும் அதில் தெரியாது. கடிதங்களில் உள்ள அந்த நபரின் பெயர் வாக்காளர் பட்டியலிலும் உங்கள் கதவு எண்ணில் இருந்தால், அத்தொகுதி வாக்காளர் ஒருவர் படிவம் 7 அளித்து ஆட்சேபிக்கலாம்.

பதில் 3:
திருப்பி அனுப்புவதால் மட்டும் இது நிற்பதில்லை, ஏனெனில் வங்கியின் கணினியில் முகவரி மாறாமலே இருக்கும். சொத்துவரி ரசீதின் நகலை இணைத்து அக்கிளையின் மேலாளருக்கு எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பின்னாளில் வசூல் முகவர்கள் வாசலுக்கு வந்தால், வாய்ப்பேச்சை விட அந்தத் தாளே உதவும்.