மறு: ‘இம்ப்ளிமென்டேஷன் இம்போர்ட்’ எச்சரிக்கைக்குத் தமிழ்ச் சொல்

அண்ணாச்சி,

> ‘அகச்சார்பு’ என்றே வைத்துவிடலாம், சுருக்கமாக இருக்கிறது.

பிறர் எழுதிய பொதியின் (பேக்கேஜ், எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) உட்கோப்பை நம் நிரல் நேரடியாக எடுத்தால் வருகிற எச்சரிக்கைக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சொந்த விருப்பு வெறுப்பு கலந்த பார்வையைத்தான் அகச்சார்பு என்று படித்துப் பழகியிருக்கிறோம். ‘உங்கள் நிரலில் அகச்சார்பு உள்ளது’ என்று திரையில் வந்தால் புதிதாகக் கற்கிற பிள்ளை குழம்பிவிடும். ‘புறவாசல்’ என்றும் வைக்க முடியாது, அது கணினிப் பாதுகாப்புக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல். அதில் திருட்டு வாடையும் உண்டு.

இங்கே திருட்டு இல்லை. டார்ட் நிரல்மொழியில் ஒரு பொதியின் லிப் கோப்புறை எல்லோருக்கும் பொது. அதற்குள் இருக்கும் எஸ்ஆர்சி உட்கோப்புறை மட்டும் பொதியை எழுதியவருக்கு. இது வழக்கம் மட்டுமே. மீறினாலும் நிரல் ஓடும். ஓட்டாமலே படித்துப் பார்க்கும் நிலைப் பகுப்பாய்வுதான் எச்சரிக்கும். கோ மொழியில் இன்டர்னல் கோப்புறையை வெளியார் தொட்டால் நிரலைக் கட்டும் கருவியே மறுத்துவிடும். ஜாவாவும் தன் உட்பகுதிகளை வெளியார் தொடுவதை 9ஆம் பதிப்பு முதல் எச்சரித்துப் பார்த்துவிட்டு, 2021இல் 16ஆம் பதிப்பில் கதவைச் சாத்தியது.

போன மாதம் எனக்கே நேர்ந்தது. பிறர் பொதியின் எஸ்ஆர்சி கோப்பு ஒன்றை நேரடியாக எடுத்திருந்தேன். அவர் அதன் பெயரை மாற்றி, பதிப்பெண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டி வெளியிட்டார். என் செயலி நின்றுபோனது. அவர் மேல் தப்பே இல்லை. எல்லோருக்கும் கொடுத்த எதையும் அவர் மாற்றவில்லையே.

அதனால் சொல்லில் இரண்டு தெரிய வேண்டும்: பொருள் பிறருடையது, அது அப்படியே இருக்கும் என்று யாரும் வாக்குத் தரவில்லை. நம்ம ஊரில் விருந்துக்குப் போனால் இலையில் விழுவது நமக்கு. அடுக்களையில் எந்தப் பானை எங்கே என்பது வீட்டுக்காரர் பாடு, நாளைக்கே இடம் மாற்றுவார். ‘அடுக்களைச் சார்பு’ என்று சொல்லத்தான் முதலில் ஆசைப்பட்டேன். மற்ற மாவட்டத்தார் அதைச் சமையலறை என்று மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஆகவே ‘உள்வீட்டுச் சார்பு’. எச்சரிக்கை வரி இப்படி:

‘இது வேறொரு பொதியின் உள்வீட்டுக் கோப்பு. முன்னறிவிப்பின்றி மாறலாம்.’

இன்டர்னல் என்று குறியிட்ட வகுப்பு (கிளாஸ்), செயற்கூறு (ஃபங்ஷன்) ஆகியவற்றை ‘உள்வீட்டு உறுப்பு’ என்று சொல்லிக்கொள்ளலாம். சொந்தப் பொதிக்குள் எடுத்தால் எச்சரிக்கையே வராது. அது வீட்டுக்குள் நடமாட்டம். ‘உட்சார்பு’ இந்த வேறுபாட்டைக் காட்டாது.

அப்புறம், எல்லோருக்கும் திறந்த பகுதிக்கு என்ன சொல்? பத்மநாபபுரம் அரண்மனையில் முகப்பு மண்டபத்துக்குப் பூமுகம் என்று பெயர். எனக்கு அது பிடித்திருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தக்கலையிலிருந்து,
தம்பி