அக்கா பிரான்ஸின் லியோன் நகரத்தில் வாங்கிய இசைத்தட்டு

தேன்மொழி அக்கா: (படம்) இன்று காலை இங்கே பழைய பொருள் சந்தை. 12 யூரோவுக்கு இந்த இசைத்தட்டை எடுத்தேன். பல்சார், ‘ஹாலோவீன்’. விற்றவர் “இவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்” என்று இரண்டு தடவை சொன்னார், அதனால்தான் வாங்கினேன். தம்பி, உனக்கு இவர்களைத் தெரியுமா?

நான்: அக்கா!!! எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல்சார் லியோன் ராக் குழுதான். 1975-ல் ‘போலன்’, 1976-ல் ‘தி ஸ்ட்ராண்ட்ஸ் ஆஃப் தி ஃபியூச்சர்’, 1977-ல் உன் கையில் இருப்பது. எல்லாவற்றையும் போனில்தான் கேட்டிருக்கிறேன், தட்டாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நான்: ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார். கீறல் நகத்தில் தட்டுப்படுகிறதா?

தேன்மொழி அக்கா: மெல்லிய கோடுகள் இருக்கின்றன, நகத்தில் தட்டவில்லை. பாகம் 1, பாகம் 2 என்று போட்டிருக்கிறதே, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டா?

நான்: ஒரு பக்கம் முழுக்க ஒரே ஓட்டம், கிட்டத்தட்ட 20 நிமிடம். உள்ளே சின்னச் சின்னப் பகுதிகள் உண்டு, ஆனால் நடுவில் நிறுத்திவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று மட்டும் நினைக்காதே. ஒரு மெல்லிய குரலும் பியானோவுமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல சிந்தசைசர் என்கிற மின்னணு இசைக்கருவி பின்னால் விரிந்து, கிடார் வந்து, புல்லாங்குழல் வந்து, நீ எங்கே இருந்தாய் என்பதே மறந்துபோகும்.

அம்மா: பிரெஞ்சில் பாடுவார்களா?

நான்: இல்லைம்மா, இந்தத் தட்டில் ஆங்கிலத்தில். வார்த்தை குறைவு, இசைதான் நிறைய.

முரளி மாமா: மாப்பிள்ளை, கேட்கிறேன் என்று நினைக்காதே. சிந்தசைசர் என்றால் மெஷின் சத்தம்தானே. பொத்தானை அழுத்தினால் அது பாட்டுக்கு வருகிறது. அதில் வாசிக்கிறவன் கைவண்ணம் எங்கே?

நான்: மாமா, இன்றைய மெஷினை வைத்து அன்றைய மெஷினை நினைக்காதீர்கள். அன்று மெலோட்ரான் என்று ஒன்று இருந்தது, பல்சாரும் பயன்படுத்தியது. பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப், அதில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் 8 விநாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். அதனால் நீளமான சுரம் வேண்டுமென்றால், ஒரு விரலின் டேப் தீரும் முன்னால் அடுத்த விரலைப் போட்டு மாற்றி மாற்றித் தாங்க வேண்டும். அந்தப் பனிமூட்டம் போன்ற சத்தத்துக்குப் பின்னால் இப்படி ஒருவன் விரலால் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான் மாமா.

முரளி மாமா: இது தெரியாது எனக்கு.

பெரியப்பா: அந்தக் காலத்து பிரெஞ்சு சிந்தசைசர் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ‘ஆக்சிஜன்’. கேசட் இருந்தது. பூமியின் தோல் உரிந்து உள்ளே மண்டை ஓடு தெரிகிற அட்டை. அது யார், ஜார்தானே?

நான்: ஷான்-மிஷேல் ஜார், பெரியப்பா. 1976 டிசம்பரில் வந்தது. அவரும் பிறந்தது லியோனில்தான்! நீங்கள் தியேட்டரில் பார்த்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இசையமைத்த மோரிஸ் ஜார் இவருடைய அப்பா, அவரும் லியோன்காரர்.

பெரியப்பா: அந்தப் பாலைவன இசையா! அப்படியா சங்கதி.

நான்: ‘ஆக்சிஜன்’ ராக் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதே காற்றுதான் அதிலும் வீசுகிறது. பெரிய ஸ்டூடியோவில் செய்ததும் இல்லை. பாரிஸில் தன் வீட்டில், எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் டேப் மெஷினில் பதிவு செய்தார். சமையலறையைத்தான் ஸ்டூடியோ ஆக்கினார் என்பார்கள்.

அம்மா: சமையலறையிலா? அப்போது வீட்டில் யார் சமைத்தார்கள்?

நான்: 🙂 அது தெரியவில்லை அம்மா. ஆனால் மாமா கேட்ட கைவண்ணத்துக்கு இதுவும் பதில். மினி பாப்ஸ் என்று ஒரு தாளப்பெட்டி. வால்ட்ஸ், ரும்பா என்று ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பொத்தான். ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்பிவிடும். அவர் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி, எழும்பாமல் இருக்க ஒட்டும் டேப் போட்டு ஒட்டிவிட்டார். ‘ஆக்சிஜன்’ நாலாவது பாகத்தின் துள்ளல் அப்படிப் பிறந்ததுதான். அப்புறம் எமினென்ட் 310 என்று வீட்டில் வைத்து வாசிக்கிற ஒரு டச்சு ஆர்கன், அதை ஸ்மால் ஸ்டோன் என்கிற கையளவு பேசர் பெட்டி வழியாக விட்டார். உடனே சத்தம் அலையலையாகச் சுழல ஆரம்பித்தது. பெரியப்பா, உங்கள் கேசட்டில் பின்னால் வானம் மாதிரி விரிந்து கிடக்குமே, அதுதான் இது.

தேன்மொழி அக்கா: தம்பி, இப்போது நான் தேடிப் பார்த்தேன், பல்சாரின் டிரம்மர் விக்டர் போஷ்தானே? டிரான்ஸ்போர்டர் அரங்கைத் தொடங்கியவர் என்று வருகிறது. போன வருடம் நான் கச்சேரிக்குப் போனது அங்கேதான்!

நான்: அவரேதான்! நீ நின்ற இடம் அவர் கட்டி வளர்த்தது, அது தெரியாமலே நின்றிருக்கிறாய் பார்.

முரளி மாமா: இந்த வரிசையில் வேறு யாரைக் கேட்கலாம்?

நான்: ரிஷார் பினாஸ் நடத்திய ஹெல்டன் குழு. அவர் தத்துவம் படித்தவர், பிரெஞ்சுத் தத்துவஞானி டெல்யூஸின் மாணவர். ஆனால் அது வேறு குணம், கிடார் உறுமும், மெஷின் விடாமல் ஓடும், இராத்திரி தூக்கத்துக்கு ஆகாது. அதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் பல்சாரின் இரண்டாவது ஆல்பத்தில் முதல் பாட்டிலிருந்து தொடங்குங்கள், 22 நிமிடம், விளக்கை அணைத்துவிட்டு.

தேன்மொழி அக்கா: நம் ஊர் நேரம் 9 மணிக்கு எல்லாரும் இருப்பீர்களா? குரூப் கால் போட்டு போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கிறேன். சத்தம் சுமாராகத்தான் வரும், ஆனால் சேர்ந்து கேட்கலாம்.

பெரியப்பா: இருக்கிறேன். மருந்தை முன்னாலேயே போட்டுவிடுகிறேன்.

நான்: எல்லாரும் மைக்கை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. குக்கர் விசில் வந்தால் பியானோ போய்விடும்.

(இரவு 9.24)

தேன்மொழி அக்கா: முதல் பக்கம் முடிந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லையே, லைனில் இருக்கிறீர்களா?

பெரியப்பா: இருக்கிறேன் அம்மா. கொஞ்சம் பொறு.

முரளி மாமா: அந்தப் புல்லாங்குழல் வந்த இடம்...

அம்மா: திருப்பிப் போடு கண்ணு. போனை இன்னும் கொஞ்சம் கிட்டே வை.