ஞாயித்துக்கிழமை தூர்தர்ஷன்: உங்க வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்க

எங்களுக்கு ஊரு திருமங்கலம், மதுரைக்குப் பக்கம். 1989ல எங்க தெருவுல டிவி இருந்ததே ரெண்டு வீட்லதான், அதுல ஒன்னு பெரியப்பா வீடு. கருப்பு வெள்ளை சாலிடேர், ரெண்டு பக்கமும் இழுத்து மூடுற மரக்கதவு வச்சது. ஆன்டெனாவ கொடைக்கானல் மலைப் பக்கமா திருப்பி வச்சாதான் படம் நிக்கும், கொஞ்சம் காத்தடிச்சாலும் ஒரே புள்ளி புள்ளியா ஆயிரும். அண்ணன் மாடில ஏறி கம்பிய திருப்புவான், உள்ள இருந்து பத்து பேரு "வந்துருச்சு, போயிருச்சு, அய்யோ முன்ன இருந்ததே நல்லாருந்துச்சு"னு கத்துவோம், அது அவன் காதுக்குப் போறதுக்குள்ள கம்பி வேற பக்கம் போயிருக்கும்.

இத சரி பண்ணினது பெரியப்பா பொண்ணுதான். அக்காவுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது, காது கேளாதோர் பள்ளில விடுதில தங்கிப் படிச்சா, லீவுக்குத்தான் வீட்டுக்கு வருவா. அவ வாசப்படில நின்னா டிவியும் தெரியும் மாடியும் தெரியும். உள்ள பாத்துக்கிட்டே கைய மட்டும் வெளிய நீட்டி இந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு காட்டுவா, படம் தெளிவா வந்ததும் உள்ளங்கைய விரிச்சு நிறுத்துவா. அண்ணன் அப்படியே விட்டுட்டு இறங்கிருவான்.

காலைல மகாபாரதம். 1988 அக்டோபர் 2ல ஆரம்பிச்சு 1990 வரைக்கும் 94 பகுதி ஓடுச்சு, எங்க வீட்ல யாருக்கும் இந்தி ஒரு வார்த்த தெரியாது ஆனா ஒரு வாரம் விட்டதில்ல. கத தெரிஞ்ச கததானே, அப்பத்தா பக்கத்துல உக்காந்து இவன்தான் சகுனி, இவன்தான் விதுரர்னு சொல்லிக்கிட்டே வரும். அக்காவுக்கு அது கேக்காது, அப்பத்தாவுக்கு சைகையும் தெரியாது, அதனால அக்கா பாதில எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. எனக்கு அப்ப எட்டு வயசு, ஏன் போறான்னு கேக்கணும்னு கூட தோணல, இன்னைக்கு நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

மத்தியானம் ஒன்னேகால் மணிதான் அவளோட நேரம். காது கேளாதவங்களுக்கான செய்தி டெல்லில இருந்து வரும். குளிச்சு தல சீவி, ஸ்கூலுக்குப் போற மாதிரி முன்னாடி வந்து சம்மணம் போட்டு உக்காருவா. செய்தி வாசிக்கிறவங்க நிதானமா கையால சொல்வாங்க, சில சைகை இவ பள்ளில பழகுனதுக்கு வேற மாதிரி இருக்கும்போல, அப்போ புருவத்த சுருக்கி அதையே தன் கையால ஒருதடவ செஞ்சு பாத்துக்குவா. மத்த நாள்ல "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க"ன்னு எங்க தோள தட்டித் தட்டிக் கேட்டவ அந்தப் பதினஞ்சு நிமிஷம் யாரையும் கேக்க மாட்டா. முடிஞ்சதும் பெரியப்பா அவகிட்ட கேப்பாரு, என்ன செய்தின்னு. எங்க வெள்ளம், எந்தத் தலைவர் எந்த நாட்டுக்குப் போனாருன்னு அவதான் அவருக்குச் சொல்லுவா.

அது முடிஞ்ச உடனே மாநில மொழிப் படம். வங்காளி, ஒரியா, மணிப்பூரி, அஸ்ஸாமினு ஒவ்வொரு வாரம் ஒன்னு, கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும், நாங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள அது மறஞ்சிரும். தெருப் பிள்ளைங்க பாதிப் பேரு எழுந்து விளையாடப் போயிரும். எங்க வீட்ல மட்டும் உக்காந்திருப்போம், ஏன்னா அக்கா கத சொல்லுவா. பாஷ புரியாம நாங்க முழிச்சுக்கிட்டு இருப்போம், அவ மூஞ்சிய மட்டும் பாத்தே அவன் பொய் சொல்றான், இவளுக்கு அது தெரிஞ்சுபோச்சு, அந்தப் பெரியவருக்கு உடம்பு சரியில்லன்னு முன்கூட்டியே காட்டிருவா, முக்கால்வாசி சரியாதான் இருக்கும். அந்த ரெண்டு மணி நேரம் வீட்ல யாருக்கும் வசனம் கிடையாது, எல்லாரும் அவ கையத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்.

சாயங்காலம் தமிழ்ப் படம் வந்துட்டா வீடு நிறஞ்சிரும், அவ மறுபடி ஓரமா போயிருவா.

இப்ப அதே சேனல் பொதிகைன்னு ஆகி 2024 ஜனவரில இருந்து டிடி தமிழ்னு வருது. நான் இன்னும் பாக்குறேன்.

———

அக்கா, அந்த வாசப்படி விஷயத்த படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். நாங்க ராமநாதபுரம் கடக்கரப் பக்கம், எங்களுக்கு மெட்ராஸ் ஸ்டேஷன விட இலங்கை ரூபவாஹினிதான் தெளிவா விழும். அது 1982 பிப்ரவரில ஆரம்பிச்சதுன்னு மாமா சொல்லுவாரு, ஆன்டெனாவ கடல் பக்கமா திருப்பிட்டா போதும். சிங்கள நாடகம் ஒன்னும் புரியாம பாத்து வளந்த புள்ளைங்க நாங்க. கொடைக்கானல் டவர் வந்தப்புறம்தான் வெள்ளிக்கிழம சினிமாப் பாட்டு போடுற ஒளியும் ஒலியும் ஒழுங்கா பாத்தோம்.

———

எங்கப்பாவுக்கு விவசாய நிகழ்ச்சி வயலும் வாழ்வும்தான். பள்ளிக்கூட நோட்டு ஒன்ன கேட்டு வாங்கி வச்சுக்கிட்டு, டிவி முன்னாடி தரைல உக்காந்து எழுதுவாரு. யூரியா அஞ்சு பங்கு, ஜிப்சம் நாலு, வேப்பம் புண்ணாக்கு ஒன்னு, கலந்து ஒரு ராத்திரி வச்சிருந்து மறுநாள் நெல்லுக்குப் போடணும்ங்கிறது அந்த நோட்டுலதான் இருக்கு, சத்து தண்ணியோட சீக்கிரம் கரஞ்சு போகாதாம். அப்பா போனப்புறமும் நாங்க அந்தக் கணக்குலதான் போடுறோம். அப்புறம் ஒன்னு கேக்கணும்க்கா, உங்க அக்கா இப்ப எங்க இருக்காங்க?

———

கோயம்புத்தூர்ல இருக்கா தம்பி, தையல் கட வச்சிருக்கா, ரெண்டு பிள்ளைங்க. இத எழுதுறதுக்கு முன்னாடி வீடியோ கால்ல கேட்டேன், ஒரு படத்துல கிழவி ரயில்வே ஸ்டேஷன்ல காத்திருப்பாளே ஞாபகம் இருக்கான்னு. உடனே தலைய ஆட்டி மறுத்துட்டா, ஸ்டேஷன் இல்லையாம், படகுத்துறையாம், கிழவி கைல மண்ணெண்ண விளக்கு இருந்துச்சாம். விளக்க எந்தக் கைல பிடிச்சிருந்தான்னு வரைக்கும் செஞ்சு காட்டுனா, இடது கை.